எட்டாவது மாடியில் பாதித் திட்டு

எங்களை ஆற்றோரத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எட்டாவது மாடியில் இறக்கிவிட்ட ஒன்பதாம் நாள் காலையில், பக்கத்து ரூம் தேசம்மாக்கா தூக்கக் கலக்கத்தில் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, வெளியே காலை வைத்து, முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்கள் பழைய அடிபம்புக்கு முன்னால் போய் நின்றது.

இதில் அதுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் இருபத்தேழு வருஷமாகத் தினமும் அஞ்சரைக்கு அது போய் நிற்கிற இடம் அதுதான். குடத்தை வைத்து, அடித்து, நிரம்பினதும் தூக்கிக்கொண்டு திரும்பினபோதுதான் வீடு இல்லை என்பது ஞாபகம் வந்தது. வீடு இருந்த இடத்தில் புல் இருந்தது. புல்லைச் சுற்றி நீலத் தகரம் அடித்திருந்தது. வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்த ஒருத்தர் நின்று, யாரம்மா நீ, பூட்டின கேட்டுக்குள் எப்படி வந்தாய் என்று கேட்டார். தேசம்மாக்கா அவரிடம், நீ யாரு என் சமையக்கட்டுல நின்னுகினு என்னைக் கேக்கறே என்று கேட்டுவிட்டு, நிறைகுடத்தோடு மூன்று பஸ் மாறி, குடத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போட வந்த கண்டக்டரிடம் சண்டை போட்டு, மதியம் எட்டு மாடி ஏறி வந்து சேர்ந்தது. லிப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. தண்ணியை ஆளுக்கு ஒரு வாய் குடித்துப் பார்த்தோம். துரு வாசம் அடித்தது. எங்கள் பம்புத் தண்ணிதான்.

எப்படிப் போனாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என் வாசக்கல்லு இருக்குதா, என் முருங்கைய வெட்டிட்டானுங்களா என்றுதான் கேட்டோம்.

மறுநாள் தேசம்மாக்கா குளித்துத் தலைவாரி, இரண்டு குடம் எடுத்துக்கொண்டு, நாங்கள் பத்துப் பேர் பின்னால் நிற்கக் கதவைத் திறந்து காலை வைத்தது. வராந்தாதான் இருந்தது. மூடித் திறந்தது, அப்போதும் வராந்தாதான். அதற்கடுத்த நாள் அதையெல்லாம் மறந்து, மருமகனைப் பற்றி ஏதோ கோபமாக நினைத்துக்கொண்டே வெளியே வந்தது, பம்படியில் நின்றது. அந்த வாரத்துக்குள் எங்கள் மாடியில் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடந்துவிட்டது. எனக்கு நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலை செய்கிற பேங்க் அம்மா வீட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று என் பொண்ணு ஹர்ஷினியை இடுப்பில் தூக்கி, வாயில் கவ்வின ரப்பர் பேண்டை எடுத்து முடியைச் சுற்றிக்கொண்டே வெளியே வந்தேன், என் காலுக்குக் கீழே ஈரப் புல். குழந்தை இடுப்பில்தான் இருந்தாள். கையில் இருப்பது, இடுப்பில் இருப்பது, தோளில் மாட்டினது எல்லாம் கூட வரும். வராதது யோசனை ஒன்றுதான். போகிறோம் என்று நினைத்தால் போகாது, கால் தன்பாட்டுக்குப் போனால் போகும்.

திரும்பி வர இந்த வழி கிடையாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போவோம் என்று காலை அதன்பாட்டுக்கு விட்டால் அது அந்தப் புல்லுக்கே கொண்டுபோய் நிறுத்தும், அதற்குத் தெரிந்த வீடு அதுதான். அதனால் வரும்போது மூன்று பஸ். பரவாயில்லை என்றோம். காலையில் ஆறு மணிக்கு வாசலில் நிற்காவிட்டால்தான் எங்களுக்கு வேலை போகும். சாயந்திரம் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாய் என்று கேட்க யார் இருக்கிறார்கள்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர், இங்கே வந்தபிறகு ஓட்டலிலேயே படுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன். பேங்க் அம்மா வீட்டில் மட்டும்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர விடுவார்கள், பால்கனியில் பழைய போர்வையைப் போட்டுத் தூங்க வைத்துவிட்டு வேலை செய்வேன். அந்த அம்மா ஏழு அடிக்கக் கால் மணி இருக்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடும். இங்கிருந்து நேராகப் போகிற பஸ் ஒன்றே ஒன்று, அஞ்சு மணிக்கு, ஊரெல்லாம் சுற்றி ஏழு மணிக்குத்தான் ஆற்றோரம் போகும். ஆகவே கதவு திறந்தால் எனக்கு வேலை உண்டு, திறக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

குடிக்கிற ஆம்பளைகளுக்கு இதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை, சாயந்திரமானால் கதவைத் திறந்து நேராகப் பழைய பிராந்திக்கடை வாசலில் போய் நின்றார்கள், அவர்கள் எந்தக் காலத்தில் யோசித்துக்கொண்டு அங்கே போனார்கள். நாங்கள்தான் பாடுபட்டோம். நினைக்கக் கூடாது என்று நினைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தி வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தாள், எட்டாம் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொண்டு வராந்தாவிலேயே நின்றாள். கடைசியில் சண்டைதான் நன்றாக வேலை செய்தது. கதவைத் திறக்கிற நேரத்துக்கு யாராவது மூக்கின் மேல் கோபம் வருகிற மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டும், இவள் பதிலுக்குக் கத்திக்கொண்டே வெளியே வர வேண்டும். பாதித் திட்டு எட்டாவது மாடியில் விழும், மீதித் திட்டு ஆற்றோரத்தில் நடக்கிறவர்கள் காதில் விழும். ராத்திரியே சொல்லி வைத்துக்கொள்வோம், யக்கா காலைல அஞ்சரைக்கு என்னைக் கொஞ்சம் கேவலமா பேசேன் என்று. தேசம்மாக்காவுக்கு அதில் கைராசி. அதனிடம் திட்டு வாங்கினவள் ஒருத்தியும் வராந்தாவில் நின்றதில்லை.

என்னை யாரும் திட்ட வேண்டியிருக்கவில்லை. லாரி வந்த அன்றைக்கு, எங்களை இங்கே அனுப்பிவைத்த ஆபீஸ் மேடம் சொன்னதை நினைத்தாலே போதும். பாத்திரம் வண்டியில், பாய் வண்டியில், கூரைத் தகரம் கீழே கிடக்கிறது, பதினோரு மாசக் குழந்தை என் தோளில் வாந்தியெடுத்துக்கொண்டிருக்கிறது, அந்த மேடம் என் முதுகில் லேசாகத் தட்டி, "போகப் போகப் பழகிடும்மா" என்றார்கள். சொல்லிவிட்டுத் தட்டின கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டின தலையை நினைத்துத்தான் தினமும் காலையில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அந்தச் சூட்டோடு கதவைத் திறப்பேன், புல்லில் நிற்பேன்.

தகரத்துக்குள் இருந்த வாட்ச்மேன் முதலில் ஓட்டை எங்கே என்று தேடித் தேடி அடைத்தார். பிறகு நாங்கள் உள்ளேயிருந்து வெளியே போகிறவர்கள்தான், வெளியேயிருந்து உள்ளே வருகிறவர்கள் இல்லை, அதனால் தன் வேலைக்கு இதில் பங்கமில்லை என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, அஞ்சரைக்குக் கேட்டைத் திறந்து வைத்தார். வெள்ளை ஷூக்காரர்களும் எங்களைச் சுற்றிக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டார்கள். மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரிதான், கொஞ்ச நாளில் எல்லாவற்றுக்கும் ஒரு வழி பண்ணிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் மாசம் நிர்மலாவுக்குக் கதவு மூடிக்கொண்டது. அவள் மூலை ரூம். பாவம், சுவரில் ஆணியடித்து அலமாரி மாட்டினாள், ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள், அடுப்பை ஒரு இடத்தில் வைத்துத் தினமும் அதே இடத்தில் நின்று சமைத்தாள். ஒருநாள் தூக்கத்தில் எழுந்து விளக்கு போடாமலே சொம்பு இருக்கிற இடத்துக்கு நேராகக் கையை நீட்டி எடுத்துத் தண்ணி குடித்தாளாம். காலையில் கதவைத் திறந்தால் வராந்தா. மறுநாளும் வராந்தா. எவ்வளவு திட்டியும் வராந்தா. அப்போதுதான் புரிந்தது. காலுக்கு ஒரு வழிதான் தெரியும். புதுசு பழகினால் பழசு போய்விடும்.

அன்றைக்குத் தேசம்மாக்கா ரூமில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவு செய்தோம். பழகவே கூடாது. அடுப்பைத் தினமும் வேற மூலைக்கு மாற்ற வேண்டும். உப்பு டப்பா இருந்த இடத்தில் மறுநாள் உப்பு இருக்கக் கூடாது. ஒரே இடத்தில் இரண்டு நாள் படுக்கக் கூடாது. இதை யாரும் வீடு என்று சொல்லக் கூடாது, ரூம் என்றுதான் சொல்ல வேண்டும். குடியேறிவிட்டோம் என்று மேடம் கையெழுத்து கேட்கிற தாளில் ஒருத்தியும் கையெழுத்து போடக் கூடாது. அப்படியே செய்தோம். உப்பென்று நினைத்துச் சோடா மாவைக் குழம்பில் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை வந்த என் வீட்டுக்காரர் இருட்டில் எழுந்து, போன வாரம் வாளி இருந்த இடத்தில் காலை வைத்து, இந்த வாரம் அங்கே இருந்த அடுப்பில் விழுந்து, இது குடும்பமா குஸ்தி மைதானமா என்று கேட்டார். நான் அடுப்பைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தேன்.

நிர்மலாவோடு யாரும் பேசவில்லை. பழகிட்டவ என்று அவளுக்குப் பேர் வைத்தோம், அவள் படியில் இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நானும் திருப்பினேன்.

லிப்டைப் பற்றிக் கேட்க இரண்டு பேர் ஆபீசுக்குப் போனார்கள். கதவு பாதி திறந்தபடியே நிற்கிறது, உள்ளே பெட்டி இல்லை, குனிந்தால் அடி வரைக்கும் இருட்டுதான் தெரிகிறது என்று சொன்னார்கள். மேடம் ஃபைலைப் பார்த்து, எட்டாவது மாடியில் குடியேறினதாக யாரும் கையெழுத்தே போடவில்லையே, ஆளில்லாத மாடிக்கு எப்படி ரிப்பேர் எழுதுவது என்று கேட்டார்களாம். வந்து சொன்னபோது சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஹர்ஷினி நடக்க ஆரம்பித்தாள்.

இதைச் சந்தோஷமாகச் சொல்ல வேண்டும். பதிமூணாம் மாசம், வராந்தாவில், எங்கள் கதவிலிருந்து தேசம்மாக்கா கதவு வரைக்கும் பதினோரு அடி. அக்கா பொட்டுக்கடலை கொடுக்கும். அதைத் தின்றுவிட்டுத் திரும்பப் பதினோரு அடி. நாள் முழுக்க இதே வேலை. கண்ணை மூடிக்கொண்டுகூட நடப்பாள். நான் அடுப்பை மாற்றலாம், பாயை மாற்றலாம், இவளிடம் எதை மாற்றுவது. இவளுக்குப் பழசு என்று ஒன்று இல்லை. இவள் காலுக்குத் தெரிந்த மண்ணே இந்த சிமெண்டுதான். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெத்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

அந்த நாட்களில் காலைச் சண்டை அஞ்சரைக்குக் கேட்பது நின்று, நாலரைக்கே கேட்க ஆரம்பித்திருந்தது. சீக்கிரம் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சரைக்கு நான் புல்லில் போய் நிற்கும்போது வாட்ச்மேன் மட்டும் இருப்பார். எல்லோரும் முன்னாலேயே வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நானும் கேட்டைத் தாண்டி ஓடுவேன்.

அன்றைக்கு ஹர்ஷினி இடுப்புக்கு வர மாட்டேன் என்றாள். உடம்பை வில்லாக வளைத்து நழுவினாள். நேரமாகிவிட்டது, தோளில் பை, ஒரு கையில் பேங்க் அம்மா கேட்ட கீரைக்கட்டு, சரி நடந்தே வா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மேடம் முதுகில் தட்டினது ஞாபகம் வந்தது, சூடு ஏறினது, கதவைத் திறந்தேன், காலை வைத்தேன்.

புல். தோளில் பை இருந்தது. கீரை இருந்தது. அந்தக் கை காலியாக இருந்தது. விரல் மட்டும் பிடித்த மாதிரியே மடங்கி இருந்தது.

குழந்தை எங்கே என்று வாட்ச்மேன் கேட்டார். குழந்தை முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி எட்டாவது மாடி வராந்தாவில் தன் காலுக்குத் தெரிந்த இடத்தில் நின்றிருக்கிறாள். பதினோரு அடி நடந்து அக்கா கதவைத் தட்டுவாள். அக்கா இருக்காது. யாரும் இருக்க மாட்டார்கள். கதவு திறக்காவிட்டால் அவள் இன்னும் கொஞ்சம் நடப்பாள். அதற்கு அந்தப் பக்கம் லிப்ட்.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. வெள்ளை ஷூக்காரர்கள் நின்றது தெரிந்தது. ஓடினேன். கீரை எங்கே விழுந்தது, பை எங்கே போனது, ஒன்றும் தெரியாது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை, கேட்டைத் தள்ளினேன், தள்ளிக் காலை வைத்தேன், என் காலுக்குக் கீழே எட்டாவது மாடி சிமெண்டு.

ஹர்ஷினி லிப்ட் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருட்டைப் பார்த்து, ஆ என்று குரல் கொடுத்தாள். கீழேயிருந்து அவள் குரலே திரும்பி வந்தது. அது பிடித்துப்போய் இன்னொரு காலை எடுத்தாள். பாவாடையைப் பிடித்து இழுத்தேன். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன், அவள் அழுததைவிட நான் அதிகம் அழுதேன். பூட்டின கதவு பன்னிரண்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

என் கால் வந்துவிட்டது. யோசிக்காமல் இங்கே வந்துவிட்டது. அது என்ன விலைக்கு வந்தது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. கதவைத் திறந்தேன், வராந்தா. மேடத்தை நினைத்தேன், கைக்குட்டையை நினைத்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு காலை வைத்தேன், வராந்தா. எனக்குப் பழகிவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. நிர்மலாவுக்குச் செய்ததை எனக்கும் செய்வார்கள் என்று பயம். அதற்கடுத்த நாள் நாலரைக்கு முன்னால் எழுந்து, ஹர்ஷினியை முந்தானையில் இறுக்கிக் கட்டி, தலையில் முக்காடு போட்டு, சத்தமில்லாமல் எட்டு மாடி இறங்கி அஞ்சு மணி பஸ்ஸில் ஏறினேன். பேங்க் அம்மா பூட்டிக்கொண்டு போயிருக்கும் என்று தெரியும். தெரிந்துதான் ஏறினேன். வேற என்ன செய்வது.

பஸ்ஸில் எல்லா சீட்டிலும் முக்காடு.

முதல் சீட்டில் ஒரு முக்காடு, அதன் பின்னால் ஒரு துண்டு, அதன் பின்னால் முகத்தைக் கம்பியில் வைத்துத் தூங்குகிற மாதிரி ஒருத்தி. வளையலைப் பார்த்தால் தெரிகிறது, செருப்பைப் பார்த்தால் தெரிகிறது. எங்கள் மாடி முழுக்க இருந்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிர்மலா ஒருத்திதான் முக்காடு போடாமல் இருந்தாள். என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள்.

நான் உட்காரவில்லை. மூணாவது சீட்டில் பச்சைத் துண்டு போர்த்திக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த உருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"எத்தினி நாளா யக்கா?" என்றேன்.

குறட்டை நின்றது. துண்டுக்குள்ளிருந்து தேசம்மாக்கா, "பத்தொம்பது" என்றது.

"அப்ப காலைல போட்ட சண்டை?"

"உனக்குக் கேக்கணும்னுதான். பழகிட்டவன்னு நீயும் சொல்லிடுவியே." துண்டை எடுத்தது. முகம் சின்னதாகிவிட்டிருந்தது. "ரெண்டு வீட்டு வேலை போயிடுச்சு. உனக்கு மட்டும் தொறந்துகினு இருக்குது, அதையாவது பார்ப்போம்னு இருந்தோம்."

எனக்கு வந்த கோபத்தில் பஸ் ஆடுகிறதா நான் ஆடுகிறேனா என்று தெரியவில்லை. நாலு பேருக்கு முன்னால் பேசாத வாய் எப்படித் திறந்தது என்றும் தெரியவில்லை.

"நீங்கல்லாம் கதவு வழியா போய் ஆத்தோரத்துல இருக்கீங்கன்னு நெனச்சேன். முந்தாநேத்து எம் பொண்ணு லிப்டு குழி வாயில நின்னுகினு இருந்தா. மாடில ஒரு ஆள் இல்ல. எல்லாரும் எனக்குத் தெரியாம படியில எறங்கிப் போயிட்டீங்க. நம்ம இங்க இல்லன்னு நம்மளே சொன்னோம். அவங்களும் அதத்தான் எழுதி வச்சிருக்காங்க."

ஹர்ஷினி முந்தானையிலிருந்து எட்டிப் பார்த்து, தேசம்மாக்காவைக் கண்டு பொட்டுக்கடலைக்குக் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டது. ஒவ்வொரு முக்காடாக இறங்கினது.

நான் வேலைக்குப் போகவில்லை, மேடம் ஆபீசுக்குப் போகிறேன் என்றேன். இந்த பஸ் ஆற்றோரம் தாண்டி அந்த வழியாகத்தான் போகிறது. அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்து போடப் போகிறேன், பழகிடுச்சு என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன், ஆள் இருக்கிறது, எண்ணிக்கொள், இப்போது லிப்டைக் கொடு, ஆறு மணிக்கு வேலையில் விடுகிற மாதிரி பஸ்ஸைக் கொடு, அதுவரைக்கும் குழந்தையை உன் மேஜை மேல் நடக்க விடுகிறேன் என்று சொல்லப் போகிறேன். ஒன்பது மணிக்கு மேல்தான் திறப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். வாசலில் உட்கார்ந்திருப்போம் என்றாள் நிர்மலா. நாங்களும் வர்றோம் என்று பின்சீட்டில் ஒருத்தி சொன்னாள், பிறகு எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு வழி முழுக்க மேடத்தைத் திட்டிக்கொண்டே வந்தோம். முழுத் திட்டு, ஒரு வார்த்தை பாக்கியில்லாமல்.

ஏழு மணிக்கு ஆற்றோரம் வந்தது. கண்டக்டர் நிறுத்தத்தின் பேரைச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், எல்லோரும் திட்டிக்கொண்டே பையை எடுத்துத் தோளில் மாட்டி, புடவையை உதறி, எழுந்து வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். தேசம்மாக்கா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டது.

"உக்காருங்க," என்றேன்.

அக்கா தன் காலைப் பார்த்தது. பிறகு மேலே ஏறி வந்து உட்கார்ந்தது. ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரும் இறங்கலையா என்று கண்டக்டர் இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். அவர் விசில் ஊதினார், வண்டி கிளம்பினது, அப்போதுதான் பார்த்தேன், நானும் எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தேன். முட்டியை இரண்டு கையாலும் பிடித்து மடக்கி, என்னையும் உட்கார வைத்தேன்.